இன்னொரு பண்பாட்டில் எத்தனை ஆண்டுகள்?

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் எங்கள் சபையின் பின்கூடத்தில் ஒரு நீண்ட மேசை உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மீ ஹூனும் தேநீரும் அங்கேதான். போன ஆண்டு ஒரு மழை நாளில், எல்லோரும் கிளம்பிய பிறகு, எங்கள் இளம் போதகர் மடிக்கணினியை அந்த மேசையில் வைத்து, "டீச்சர், இந்தப் பாரத்தைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அருட்பணியியலிலும் (மிஷன் பணியை ஆராயும் துறை) பண்பாட்டிடைக் கல்வியிலும் முனைவர் படிப்புக்கான விண்ணப்பம். பெயர், பிறந்த தேதி, படித்த படிப்பு எல்லாம் நிரப்பியிருந்தார். ஒரு கட்டம் மட்டும் காலி. வேறு பண்பாட்டு மக்களிடையே எத்தனை ஆண்டுகள் பணி செய்திருக்கிறீர்கள், எங்கே, எந்த மொழியில், என்ன பொறுப்பில் என்று கேட்டிருந்தார்கள்.

"நான் மிஷனெரியா எங்கேயும் போனதில்லையே டீச்சர். இல்லைன்னு போட்டுடவா?"

வாரத்தில் இரண்டு நாள் மாலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு செமாய் என்ற பூர்வகுடி மக்களின் கம்போங்குக்கு, அதாவது கிராமத்துக்கு, போய்ப் பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பவர் இதைக் கேட்கிறார். ஆறு ஆண்டுகளாகப் போகிறார். அதைப் பணி என்றே அவர் நினைத்ததில்லை. இந்தக் கட்டுரையை நான் எழுதுவது அந்தக் காலிக் கட்டத்துக்காகத்தான். தோட்டப்புறச் சபைகளிலிருந்து இந்தப் படிப்புக்குப் போக நினைக்கிறவர்கள் இப்போது இருக்கிறார்கள். என்ன தகுதி கேட்கிறார்கள், ஏன் கேட்கிறார்கள் என்பதைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் குறைவு.

முதலில் இந்தத் துறை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். கல்கத்தாவில் பள்ளி நடத்திய அலெக்ஸாண்டர் டஃப், நாடு திரும்பி 1867-ல் எடின்பரோவில் இதற்கென ஒரு பேராசிரியர் பதவியை ஏற்றார். பிறகு 1896-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் குஸ்தாவ் வார்னெக் இதே துறைக்குப் பேராசிரியராக வந்தார். அமெரிக்காவில் 1965-ல் ஃபுல்லர் இறையியல் கல்லூரியில் தனிப் பள்ளியாகவே தொடங்கியவர் டொனால்டு மெக்கவ்ரன். அவர் 1897-ல் இந்தியாவில் தமோ என்ற ஊரில் பிறந்தவர். அந்தப் பள்ளிக்கு முதலில் 'உலக மிஷன் பள்ளி' என்று பெயர். 2003-ல் அது 'பண்பாட்டிடை ஆய்வுப் பள்ளி' ஆனது. மற்ற கல்லூரிகளும் இப்படித்தான் பெயரை மாற்றிக்கொண்டன. ஒரு காரணம் நடைமுறை சார்ந்தது. சான்றிதழில் 'மிஷன்' என்ற சொல் இருந்தால் பல நாடுகளில் விசாவும் வேலையும் சிக்கலாகிவிடும். இன்னொரு காரணம் இன்னும் ஆழமானது. மானுடவியல், மொழியியல், கல்வியியல் மூன்றும் இந்தப் படிப்பில் பாதி இடத்தைப் பிடித்துவிட்டன. கலிபோர்னியாவின் பயோலா பல்கலைக்கழகத்தில் பண்பாட்டிடைக் கல்வி என்ற பெயரிலேயே பிஎச்.டி. நடந்திருக்கிறது.

டஃப் பதவியேற்ற அதே 1867-ல் சென்னையில் ஒரு புத்தகம் அச்சேறியது. தரங்கம்பாடிக்கு 1706-ல் வந்த ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு, தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி எழுதிய நூல் அது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதி எழுத்துப் பழகியவர் அவர். ஏடுகளைத் தேடிப் படித்து, ஊர் மக்களைக் கேட்டு எழுதி, 1713-ல் ஹாலேவுக்கு அனுப்பினார். அங்கிருந்த பெரியவர் பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். புறமதத்தை அகற்றத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் வாதம். அந்தக் கையெழுத்துப்படி நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்தது. ஒரு மக்களுக்கு எதையாவது சொல்லப் போகுமுன் அவர்கள் எதை நம்புகிறார்கள் என்று அவர்கள் வாயாலேயே கேட்டு எழுது என்பதுதான் இன்றைய முனைவர் படிப்பின் அடிப்படை. தமிழ்நாட்டுக் கரையில் ஒருவர் அதைச் செய்து, அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறார். நம் போதகர்களுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, படிப்புக்கு வருவோம். 'டாக்டர்' என்று முடிகிற பட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

பிஎச்.டி. ஆய்வுப் பட்டம். இதுவரை யாரும் சொல்லாத ஒன்றை ஆதாரத்தோடு நிறுவ வேண்டும். கல்லூரியில் கற்பிக்க, எழுத, பிறர் ஆய்வை வழிநடத்த விரும்புகிறவர்களுக்கானது. டி.மிஸ். எனப்படும் அருட்பணியியல் முனைவர் பட்டமும், டி.மின். எனப்படும் ஊழிய முனைவர் பட்டமும் தொழில்முறைப் பட்டங்கள். ஏற்கெனவே களத்தில் இருப்பவர் தன் பணியில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து ஆராய்ந்து, பணியை மேம்படுத்துவது அவற்றின் நோக்கம். எட்.டி. கல்வித் துறைக்கான முனைவர் பட்டம். பாடத்திட்டம், ஆசிரியர் பயிற்சி, இறையியல் கல்லூரி நிர்வாகம் ஆகியவற்றில் இருப்பவர்கள் இதை எடுக்கிறார்கள். எது உயர்ந்தது என்ற பேச்சு வீண். சபையைவிட்டு விலகாமல் பத்து ஆண்டு ஊழியத்தைச் சீர்தூக்கிப் பார்க்க விரும்புகிறவர் பிஎச்.டி.யில் சேர்ந்து நூலகத்தில் வாடுவதையும் பார்த்திருக்கிறேன். கற்பிக்கும் கனவோடு டி.மின். முடித்துவிட்டு, இது போதாது என்று கல்லூரி சொன்னபோது உடைந்துபோனவரையும் பார்த்திருக்கிறேன்.

அடிப்படைத் தகுதி முதுகலைப் பட்டம். டி.மின்.னுக்கு வழக்கமாக எம்.டிவ். எனப்படும் இறையியல் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அது இளங்கலைக்குப் பிறகு மூன்று ஆண்டு படிப்பு. அதோடு, அதை முடித்த பிறகு சில ஆண்டு ஊழியமும் வேண்டும். டி.மிஸ்.ஸுக்கு அருட்பணியியலில் முதுகலை, அல்லது எம்.டிவ்.வுடன் அத்துறைப் பாடங்கள். பிஎச்.டி.க்கு மதிப்பெண்ணைக் கறாராகப் பார்ப்பார்கள். முதுகலையில் ஆய்வேடு எழுதியிருந்தால் நல்லது. எழுதாதவர்களிடம் நீண்ட ஆய்வுக் கட்டுரை ஒன்றை மாதிரியாகக் கேட்பார்கள். இவற்றோடு பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், சபைத் தலைமையின் ஒப்புதல், விசுவாச அறிக்கை, ஏன் இந்தப் படிப்பு என்று சொல்லும் கட்டுரை. எண்ணுக்கு எண் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. அந்தந்தக் கல்லூரியின் கையேட்டை வரிவரியாகப் படிப்பது தவிர வேறு வழியில்லை.

படித்த முதுகலைப் பட்டத்தை அவர்கள் ஏற்பார்களா என்பதுதான் அடுத்த கேள்வி. நம் ஊர்க்காரர்கள் அதிகம் அடிபடுவது இங்கே. மலேசியாவில் உயர்கல்வித் தகுதிகளைக் கவனிப்பது 2007-ல் அமைந்த மலேசியத் தகுதி முகமை. அதன் தகுதிக் கட்டமைப்பில் எட்டு நிலைகள், முனைவர் பட்டம் எட்டாவது. இறையியல் கல்லூரிகள் பெரும்பாலும் வேறு இரண்டு அமைப்புகளின் தரச் சான்றை நம்பி இயங்குகின்றன. ஒன்று 1957-ல் தொடங்கிய தென்கிழக்கு ஆசிய இறையியல் கல்விச் சங்கம். மற்றது 1970-ல் தொடங்கிய ஆசிய இறையியல் சங்கம். சபை உலகில் இந்தச் சான்றுகளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேலை கேட்டுப் போனால் அதே பட்டம் செல்லும் என்று எண்ணிக்கொள்ளக் கூடாது. சேருமுன், "இந்தப் பட்டத்தை வைத்து நான் எங்கே கற்பிக்கலாம்?" என்று எழுத்தில் கேட்டுப் பதிலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு நெருங்கிய ஓர் ஊழியர் இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை சுமந்த கையோடு வேதாகமம் கற்றவர். வெளிநாட்டுப் பெயர் கொண்ட ஒரு நிறுவனம் அவருக்கு ஒன்றரை ஆண்டில் முனைவர் பட்டம் தருவதாகச் சொன்னது. பாடம் இல்லை, தேர்வு இல்லை, அறுபது பக்கம் எழுதினால் போதும். மனைவியின் சங்கிலியை அடகு வைத்துப் பணம் கட்டினார். ஓட்டல் மண்டபத்தில் அங்கி, தொப்பி, புகைப்படம் எல்லாம் நடந்தது. பிறகு ஒரு கல்லூரியில் ஆசிரியர் இடத்துக்கு மனு போட்டபோது, அந்தப் பட்டத்தை எந்தத் தர அமைப்பும் அறியாது என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அவர் என்னிடம் காட்டிய நாளை நான் மறக்கவில்லை. கடிதம் எழுதியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கியை விற்றவர்கள் மேல்தான் கோபம். நம் சபைகளில் சுவரொட்டிப் பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட ஒரு பசி இருக்கிறது. அந்தப் பசியை வைத்து வியாபாரம் நடக்கிறது. படிப்பு இல்லாமல் பட்டம் தருகிறேன் என்று யார் வந்தாலும் கதவைச் சாத்துங்கள்.

இனி அந்தக் காலிக் கட்டத்துக்கு வருகிறேன்.

அருட்பணியியல், பண்பாட்டிடைக் கல்வித் துறைகளில் பல கல்லூரிகள் குறைந்தது இரண்டு ஆண்டு பண்பாட்டிடை அனுபவம் கேட்கின்றன. ஏன் என்றால், தன் பண்பாட்டைத் தவிர வேறொன்றுக்குள் போய்த் தோற்றுப் பார்க்காத ஒருவரால் இந்தப் படிப்பில் கேட்கப்படும் கேள்விகளையே உணர முடியாது. இந்த விதி எழுதப்பட்டபோது அவர்கள் மனத்தில் இருந்தவர் விமானம் ஏறி வேற்று நாட்டுக்குப் போன மேற்கத்திய மிஷனெரி. எங்கள் ஊர்க்காரர் அந்தப் படத்தில் தன்னைக் காணாததால் 'இல்லை' என்று எழுதப் பார்க்கிறார்.

சுங்கை சிப்புட் எப்படிப்பட்ட ஊர்? 1948 ஜூன் 16 அன்று இங்கே மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை அடக்க மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் சீனர்களைப் புதுக்கிராமங்களில் வேலிக்குள் குடியேற்றினார்கள். தமிழர்கள் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தார்கள். மலாய்க்காரர்கள் தங்கள் கம்போங்குகளில், செமாய், தெமியார் மக்கள் மலைப்பக்கத்தில். ஒரே பசாரில் மீன் வாங்குவோம், ஆனால் ஒருவர் வீட்டுக்குள் மற்றவர் போனது அபூர்வம். பிறகு பால்மரம் எனும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தமிழர்கள் பட்டணத்துக்கு நகர்ந்தார்கள். காலையில் தொழிலாளர்கள் பேர் கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்தில் இன்று இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் நிற்கிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் வேறு பண்பாட்டைச் சந்திக்க விமானம் ஏற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் வாழ்ந்ததை மட்டும் அனுபவம் என்று கணக்கில் காட்ட முடியாது. சீனர் கடையில் முப்பது ஆண்டு சாமான் வாங்கினேன் என்பது செல்லாது. அவர்கள் மொழியில், அவர்கள் இடத்தில், அவர்கள் விதிப்படி நடந்துகொண்ட காலம்தான் கணக்கு.

நான் போதகரிடம் கேட்டேன், "அந்த கம்போங்ல முதல் மாசம் என்ன ஆச்சு பாஸ்டர்?"

அவர் சொன்னார். ஒரு பையனை எழுப்பி வாய்ப்பாடு கேட்டிருக்கிறார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். இன்னொருமுறை கேட்டதும், தனக்கு மனமில்லை என்று பொருள்படும் ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்து ஆற்றுக்குப் போய்விட்டான். பக்கத்தில் கூடை முடைந்துகொண்டிருந்த அவன் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நம் வீடாக இருந்தால் காது திருகியிருப்போம். செமாய் மக்களிடம் பிள்ளைக்கு மனமில்லை என்றால் பேச்சு அதோடு முடிந்தது, பெரியவர் வற்புறுத்துவது முறையல்ல. இதைப் புரிந்துகொள்ள அவருக்கு ஓராண்டு ஆனது. அதன் பிறகு யாரையும் தனியாக எழுப்புவதில்லை. நாலைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, தெரிந்தவர் சொல்ல மற்றவர் சேர்ந்துகொள்கிறார்கள். "இதை எங்கேயாவது எழுதி வெச்சிருக்கீங்களா?" என்றேன். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் இருந்தது, அட்டை கிழிந்து, தேதி போட்டு.

நான் படித்த எந்த விண்ணப்பக் கையேட்டையும்விட அந்த நோட்டு எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

முனைவர் படிப்பின் உண்மையான நுழைவுத் தகுதி ஒரு கேள்விதான். பிரிட்டிஷ் முறையில் பாட வகுப்புகளே பெரும்பாலும் கிடையாது. ஆய்வு முன்வரைவை வைத்துத்தான் சேர்ப்பார்கள். 1983-ல் தொடங்கிய ஆக்ஸ்ஃபோர்டு அருட்பணி ஆய்வு மையம், களத்திலிருந்தபடியே பகுதிநேரமாகப் படிப்பவர்களுக்கென்று உருவானது. அமெரிக்க முறையில் முதலில் பாடங்கள், பிறகு விரிவுத் தேர்வு, பிறகு முன்வரைவு, அதற்குப் பிறகுதான் ஆய்வேடு. எந்த முறையானாலும், "எதை அறிய விரும்புகிறாய், அதை அறிய நீ ஏன் தகுந்தவன்?" என்ற கேள்வியில் வந்து நிற்கும்.

தோட்டப்புறத்தில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பால் ஹீபர்ட் என்ற மானுடவியலாளர் 1932-ல் இந்தியாவில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஒரு நடுத்தளம் விடுபட்டுப் போவதைப் பற்றி அவர் 1982-ல் எழுதினார். மேலே கடவுள், பாவம், மீட்பு பற்றிய பெரிய போதனை, கீழே மருந்து, விஞ்ஞானம். இரண்டுக்கும் நடுவே கண்ணேறு, ஆவி, காரணம் தெரியாத நோய், நல்ல நாள் என்று மக்கள் அன்றாடம் பயப்படும் ஒரு தளம். மேற்கத்திய மிஷனெரிகள் அதைக் கண்டுகொள்ளாததால், விசுவாசிகள் அந்தத் தேவைக்குப் பழைய இடத்துக்கே திரும்பிப் போனார்கள் என்றார். இதை வாசித்தபோது எனக்குத் தோட்ட எல்லையில் மரத்தடி முனியாண்டி கோயில்தான் நினைவுக்கு வந்தது. இரவெல்லாம் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஞாயிறு பாடகர் குழுவில் நிற்கும் அக்கா ஒருத்தி விடியுமுன் எங்கே போகிறாள், என்ன கயிறு கட்டிக்கொண்டு வருகிறாள் என்பது எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அவளைக் கண்டிக்காமல் உட்கார்ந்து கேட்க ஒரு ஆய்வாளர் வேண்டும்.

கல்விப் பக்கம் இன்னும் வளமானது. 1923-ன் தொழிலாளர் சட்டப்படி, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும். அப்படித்தான் லயத்துக் கோடியில் கொட்டகைப் பள்ளிகள் வந்தன. என் அம்மா படித்தது அதில்தான், பாதி நாள் தோட்டத்து எழுத்தரான கிராணியே வாத்தியார். இன்னொரு பக்கம், 1895-ல் ஈப்போவில் மெதடிஸ்ட் மிஷனெரி ஹார்லி தொடங்கியது போன்ற ஆங்கிலப் பள்ளிகள். தோட்டத்துப் பிள்ளை இந்த இரண்டுக்கும் நடுவே எதை இழந்தது, எதைப் பெற்றது? அந்தப் பிள்ளையின் பேரனே இன்று செமாய் பிள்ளைக்கு முன்னால் ஆசிரியராக உட்காரும்போது, தனக்கு நடந்ததைத் திரும்பச் செய்கிறானா? இது பிஎச்.டி.க்குப் போதுமான கேள்வி. போதகர் கடைசியில் இதற்குப் பக்கத்தில்தான் வந்து சேர்ந்தார்.

முன்னோடி வேண்டுமென்றால் நம்மிடமே இருக்கிறார், தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்தில் 1913-ல் பிறந்த கத்தோலிக்கக் குரு. ரோமில் இறையியல் படித்து வந்த பிறகுதான், திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது, தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முதுகலை, பிறகு லண்டன் பல்கலைக்கழகத்தில் பண்டைய கல்விச் சிந்தனையை ஆராய்ந்து முனைவர் பட்டம். 1961-ல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வுத் துறைக்கு வந்தார், 1966-ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். குருவாகவும் கல்வியாளராகவும் இருந்தவர், தன் மக்களின் இலக்கியத்தை முதலில் மாணவராக அணுகியவர்.

மொழித் தகுதி பற்றி ஒரு வார்த்தை. ஆங்கில வழிப் படிப்புக்கு ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் 6.5 அல்லது 7 கேட்பது வழக்கம். மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தமிழ் வழியில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கும், செரம்பானில் மலேசிய இறையியல் கல்லூரியின் தமிழ்ப் பிரிவில் படித்தவர்களுக்கும் இது உண்மையான தடை. ஓராண்டு ஒதுக்கி ஆங்கிலத்தில் எழுதிப் பழகத்தான் வேண்டும். ஆனால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய இறையியல் பிஎச்.டி.க்கு ஜெர்மனும் பிரெஞ்சும் கேட்பார்கள். இந்தத் துறையில் பல இடங்களில் அதற்குப் பதிலாகக் கள மொழியை ஏற்கிறார்கள். தமிழும் மலாயும் தெரிந்து, செமாய் கொஞ்சம் பேசுகிற ஒருவர் அங்கே ஏழையல்ல.

அப்புறம், அனுமதிகள். மனிதர்களைப் பற்றிய எந்த ஆய்வும் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவைத் தாண்ட வேண்டும். யாரிடம் பேசுவாய், அவர்கள் சம்மதத்தை எப்படிப் பெறுவாய், பெயரை எப்படி மறைப்பாய் என்று எழுதித் தர வேண்டும். செமாய் போன்ற பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்களின் கிராமங்களில் ஆய்வு என்றால் அவர்களுக்கான அரசுத் துறையான ஜக்கோவாவின் அனுமதி தேவை. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 11(4) பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையை மாநிலச் சட்டங்கள் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. ஆய்வுத் தலைப்பைத் தேர்கிறவர் இதை முதல் நாளே மனத்தில் வைக்க வேண்டும். போதகரும் நானும் இதைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேசினோம். ஆய்வுக்குப் போகிறவர் கேட்கத்தான் போகிறார், மாற்ற அல்ல. இரண்டையும் ஒரே பயணத்தில் கலந்தால் மக்களுக்கும் துரோகம், ஆய்வுக்கும் துரோகம்.

காலமும் பணமும் சுருக்கமாக. முழுநேரம் என்றால் மூன்று நான்கு ஆண்டுகள், பகுதிநேரம் என்றால் ஆறேழு ஆண்டு வரை போகும். குடும்பத்தோடு உட்கார்ந்து பேசாமல் இறங்கக் கூடாது. ஆசியாவிலேயே படிக்க 1984-ல் தொடங்கிய ஆசியப் பட்டமேற்படிப்பு இறையியல் பள்ளி இருக்கிறது. பெங்களூரில் 1982-ல் தொடங்கிய சையாக்ஸ் இறையியல் நிறுவனம் இருக்கிறது. இவை மேற்கைவிடச் செலவு குறைந்தவை, களத்துக்கும் பக்கம். ஜான் ஸ்டாட் தொடங்கிய லாங்கம் போன்ற உதவித்தொகைகள், படித்துவிட்டுத் தன் நாட்டில் கற்பிக்கத் திரும்புகிறவர்களைத் தேடுகின்றன.

அன்று மழை விடும்வரை உட்கார்ந்திருந்தோம். போதகர் அந்தக் கட்டத்தில் எழுதினார்: செமாய் கம்போங், ஆறு ஆண்டு, வாரம் இருமுறை, மலாய், சிறிது செமாய். பொறுப்பு என்ற இடத்தில் 'ஆசிரியர்' என்று முதலில் எழுதிவிட்டு, அழித்து, 'வீட்டுப்பாடத் துணை, மொழி கற்பவர்' என்று மாற்றினார்.

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து பதில் வந்தது. அந்தக் கிராமத்தில் உங்களை அறிந்த ஒருவரிடமிருந்து ஒரு கடிதம் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். போதகர் அந்தக் கிராமத்துத் தலைவரான பாத்தினிடம் போய் விஷயத்தைச் சொன்னார். முதியவர் நேரம் எடுத்துக்கொண்டு கேட்டார். தனக்கு எழுத வராது, மகள் எழுதித் தருவாள் என்றார். பிறகு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: எங்களைப் பற்றி எழுதுவதை, அங்கே கொடுப்பதற்கு முன்னால், இங்கே வந்து எங்களுக்குப் படித்துக் காட்டுவாயா?

போதகரின் ஆய்வு முன்வரைவில் நெறிமுறைப் பகுதியின் முதல் வரி இப்போது அதுதான்.